வளைந்த காலவெளியில் நேராகப் போவது எப்படி?

காலமும் இடமும் சேர்ந்த காலவெளியே வளைந்திருந்தால் எது நேர்ப்பாதை, எறிந்த பொருள் ஏன் வளைந்து விழுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எதுவும் தள்ளாமல், இழுக்காமல் போகும் பாதைதான் நேர்ப்பாதை.

குறுவை நடவின்போது வரப்பிலிருந்து நாற்று முடியை வயலுக்குள் வீசுவதைத் தஞ்சாவூர்ப் பக்கம் பார்த்திருப்பீர்கள். கையை விட்டதும் அதைத் தள்ளவோ இழுக்கவோ எதுவும் இல்லை (காற்றை விடுங்கள்; ஈர்ப்பு இங்கே இழுக்கும் விசை அல்ல, காலவெளியின் வளைவுதான்). அது நேராகத்தான் போகிறது. ஒரு நொடி பறந்தால் சுமார் 1.2 மீட்டர் எழும்பி இறங்கும். ஆனால் காலத்தையும் ஒரு நீளமாக அளந்தால், ஒரு நொடி என்பது ஒளி கடக்கும் 3 லட்சம் கிலோமீட்டர்! அவ்வளவு நீளத்தில் 1.2 மீட்டர் எம்மாத்திரம்? பூமியின் நிறை காலவெளியை வளைத்திருப்பதால் அந்த நேர்ப்பாதை நமக்கு வில்லாகத் தெரிகிறது. ஐன்ஸ்டீன் 1915இல் சொன்னது இதைத்தான். அப்படிப் பார்த்தால் நேர்ப்பாதையிலிருந்து விலகுபவர் வரப்பில் நிற்பவர்தான். மண் அவர் பாதத்தை விடாமல் மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது.