பாதியில் நிற்கும் பிள்ளைகள்: வாசகர் கேள்விகளுக்கு ஓய்வு பெற்ற தலைமையாசிரியை பதில்

கேள்வி: உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்றுச் சில மாதங்கள் ஆகின்றன. மாணவர் வருகை சராசரியாக 90 சதவீதம். நன்றாகத்தான் போகிறது என்று நினைத்திருந்தேன். ஆனால் போன ஆண்டு எட்டாம் வகுப்பில் இருந்த பலர் இப்போது ஒன்பதாம் வகுப்பில் இல்லை. நான் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் அந்தச் சராசரியை ஓரமாக வையுங்கள். 40 பேர் உள்ள வகுப்பில் தினமும் 36 பேர் வந்தால் 90 சதவீதம். காலியாகும் நான்கு இடங்கள் ஒவ்வொரு நாளும் வேறு வேறு பிள்ளைகளுடையவை என்றால் பெரிய கவலை இல்லை. ஆனால் குறிப்பிட்ட எட்டுப் பிள்ளைகள் மட்டும் மாறி மாறிப் பாதி நாள் வராமல் இருந்தாலும் கணக்கு அதே 90 சதவீதம்தான். எட்டுப் பேர் கைவிட்டுப் போய்க்கொண்டிருப்பது உங்கள் மேசைக்கு வரும் தாளில் தெரியவே தெரியாது.

அதனால் சதவீதத்தை விட்டுவிட்டுப் பெயரைக் கேளுங்கள். வேலை நாட்களில் பத்தில் ஒன்றுக்கு மேல் வராதவர்கள் யார் யார்? அமெரிக்காவில் பெரும்பாலும் இந்த 10 சதவீதத்தைத்தான் எச்சரிக்கைக் கோடாக வைத்திருக்கிறார்கள். மாதத்துக்கு இரண்டு நாள் விடுப்பு யார் கண்ணையும் உறுத்தாது. 200 வேலை நாள் உள்ள ஆண்டில் அது 20 நாளாகச் சேரும்போது, பிள்ளை கணக்கில் ஒரு முழுப் பாடத்தையே தவறவிட்டிருக்கும்.

அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ராபர்ட் பால்ஃபன்ஸும் உடன் பணியாற்றியவர்களும் அந்நாட்டின் பிலடெல்பியா நகரப் பள்ளி மாணவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பின்னாளில் படிப்பை முடிக்காமல் போனவர்களில் பெரும்பகுதியினரை ஆறாம் வகுப்பிலேயே அடையாளம் கண்டிருக்க முடியும் என்பதுதான் அதன் சாரம். அதற்குத் தேவைப்பட்டதெல்லாம் எந்தப் பள்ளியிலும் இருக்கும் தகவல்கள்: வருகை, நடத்தை, கணக்கிலும் மொழிப்பாடத்திலும் தேர்ச்சி. நம் சிக்கல் என்னவென்றால், இவை ஒரே இடத்தில் இருப்பதில்லை. வருகைப் பதிவேடு வகுப்பாசிரியரிடம், மதிப்பெண் பாட ஆசிரியரிடம், புகார்கள் உதவித் தலைமையாசிரியரிடம். ஒவ்வொருவருக்கும் பிள்ளையின் ஒரு பக்கம்தான் தெரியும். மூன்றையும் ஒரே தாளுக்குக் கொண்டுவரும் அதிகாரம் உங்களுக்கு மட்டும்தான் இருக்கிறது. உங்கள் வேலை அங்கிருந்து தொடங்குகிறது.

வாரம் ஒருமுறை அரை மணி நேரம் உட்காருங்கள். எட்டு, ஒன்பது வகுப்பாசிரியர்களும் நீங்களும் போதும். ஒவ்வொரு பெயரையும் எடுத்து, போன வாரம் யார் பேசினார், பேசியதில் என்ன தெரிந்தது, இனி என்ன செய்வது என்று பாருங்கள். "வீட்டுச் சூழ்நிலை சரியில்லை" என்ற ஒற்றை வரியோடு எந்தப் பெயரையும் கடந்துவிடாதீர்கள். வீட்டில் சிரமம் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அந்த வரியைச் சொன்னதும் பள்ளிக்குள் தேடுவதை நிறுத்திவிடுகிறோம். என்னிடம் படித்த ஒரு பெண் வாரத்தில் குறிப்பிட்ட இரண்டு நாள் மட்டும் வரமாட்டாள். பதிவேட்டையும் கால அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அவை ஆய்வக நாட்கள் என்று புரிந்தது. ரெக்கார்டு நோட்டு எழுதி முடிக்காதவர்களை வெளியே நிற்கவைக்கும் பழக்கம் அங்கே இருந்தது. ஓரிரு நாள் வராததில் அவள் நோட்டு பின்தங்கியது. வெளியே நிற்க வெட்கப்பட்டு மேலும் வராமல் போனாள். நோட்டு இன்னும் பின்தங்கியது. மதிய இடைவேளையில் உட்கார்ந்து எழுதி முடிக்க இடமும், பார்த்து எழுத ஒரு தோழியின் நோட்டும் கிடைத்தன. வெளியே நிற்கவைப்பதும் அன்றோடு நின்றது. அதன்பிறகு ஒழுங்காக வந்தாள்.

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பெரியவர் பொறுப்பு என்று வையுங்கள். அவர் அந்தப் பிள்ளைக்குப் பிடித்தவராக இருக்க வேண்டும்; விளையாட்டு ஆசிரியராகவோ நூலகராகவோ இருந்தாலும் சரி. பிள்ளைகள் படிப்பை நிறுத்திவிடாமல் காக்க அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1990இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், வழிகாட்டியாக இருப்பவர் குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது அதே பிள்ளையோடு இருக்க வேண்டும். எனக்கு அதில் மிகவும் பிடித்தது இந்த நிபந்தனைதான். ஒரு பருவம் அக்கறை காட்டிவிட்டு ஆள் மாறினால், ஏற்கெனவே பலரால் கைவிடப்பட்ட பிள்ளைக்கு இன்னொருவரும் போய்விட்டார் என்றுதான் தோன்றும்.

இதையெல்லாம் ஆசிரியர்களிடம் சொல்வதற்கு முன், அவர்களுடைய சுமையில் எதையாவது குறையுங்கள். ஒரு பாடவேளை, ஓர் அறிக்கை, ஒரு கண்காணிப்புப் பணி, எதுவாக இருந்தாலும் சரி. நேரம் தராமல் பொறுப்பை மட்டும் தந்தால் அது கையெழுத்துப் போடும் வேலையாக முடிந்துவிடும். அப்புறம், அந்தப் பெயர்ப் பட்டியல் உங்கள் அறையைத் தாண்டக் கூடாது. ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டினால் அடுத்த நாளே அது மாணவர் காதுக்குப் போகும்.

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பில் மூன்று பாடங்களில் தோல்வி. அதே வகுப்பில் மறுபடி படிக்கட்டும், அடித்தளம் பலப்படும் என்கிறது பள்ளி. சின்னப் பிள்ளைகளோடு உட்காருவதைவிடப் படிப்பையே நிறுத்திவிடுகிறேன் என்கிறான் அவன். மிரட்டுகிறானா, நிஜமாகவே சொல்கிறானா?

பதில்: நிஜம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா. சிகாகோவில் மாணவர்களை அதே வகுப்பில் நிறுத்திவைத்ததன் விளைவை ஆராய்ந்த ஜேக்கப், லெஃப்கிரென் இருவரின் கட்டுரை 2009இல் வந்தது. ஆறாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவர்கள் பள்ளிப் படிப்பை முடிப்பதில் பெரிய பாதிப்பு தெரியவில்லை. எட்டாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவர்களிடம் பாதியில் நின்றுவிடும் வாய்ப்பு கூடியது. அந்த வயதில் நண்பர்கள் மேலே போக, தான் மட்டும் கீழே தங்குவது பிள்ளைக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்று யோசித்தால் இது வியப்பில்லை.

தலைமையாசிரியரை நேரில் பாருங்கள். "தேர்ச்சி போடுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். தெரியாததோடு மேலே போனால் ஒன்பதில் இன்னும் அடி வாங்குவான். மூன்று பாடங்களிலும் எந்தெந்தப் பகுதி தெரியவில்லை, யார் எப்போது சொல்லித் தருவார்கள், விடுமுறையில் மறுதேர்வு வைக்க முடியுமா என்று கேளுங்கள். பின்னம் புரியாமல் இயற்கணிதத்தில் தடுமாறும் பையனுக்கு, எட்டாம் வகுப்புப் பாடம் முழுவதையும் மறுபடி ஓட்டுவதைவிடப் பின்னத்தை மட்டும் நிதானமாகச் சொல்லித் தருவதே உதவும். இந்தப் பேச்சு நடக்கும்போது மகனும் கூட இருக்கட்டும். அவனைப் பற்றிய முடிவை அவன் முதுகுக்குப் பின்னால் எடுத்தால், எவ்வளவு நல்ல முடிவானாலும் அவன் அதை ஏற்க மாட்டான்.

ஒன்பதாம் வகுப்புக்குப் போனதும் முதல் சில மாதங்கள் கண்ணை எடுக்காதீர்கள். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி தொடங்குவதே ஒன்பதில்தான். அந்த முதல் ஆண்டில் பாடங்களில் பின்தங்காமல் தாக்குப்பிடித்தவர்கள், மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு அதிகமாகப் பள்ளிப் படிப்பை முடித்தார்கள் என்று சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் காட்டினார்கள். முந்தைய மதிப்பெண், குடும்பப் பின்னணி இவற்றைவிட அந்த ஓராண்டின் நிலவரம் அதிகம் சொன்னதாம். எட்டில் தடுமாறிய பையனின் அம்மாவுக்கு இது நல்ல செய்தி.

கேள்வி: நான் வகுப்பாசிரியர். இரண்டு மாணவர்கள் ஒரு மாதமாக வரவில்லை. பெயரை நீக்கிவிடுங்கள், பதிவேடு சுத்தமாக இருக்கும் என்கிறார் தலைமையாசிரியர். எனக்கு மனசு ஒப்பவில்லை.

பதில்: ஒப்பக் கூடாதுதான். பெயர் இருக்கும்வரை அந்தப் பிள்ளைகள் நம் பொறுப்பு. நீக்கிவிட்டால் அவர்களைத் தேட யாருக்கும் கடமை இல்லாமல் போகும். நேரடியாக மறுத்து மோதாமல், "இரண்டு வாரம் கொடுங்கள், நான் போய்ப் பார்த்துவிட்டு எழுத்தில் தருகிறேன்" என்று கேளுங்கள். பெரும்பாலான தலைமையாசிரியர்கள் இதற்கு இறங்கி வருவார்கள்.

வீட்டுக்குப் போகும்போது பதிவேட்டின் நகலைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். தங்கள் பிள்ளை எத்தனை நாள் போகவில்லை என்பதைப் பெற்றோர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். பிலடெல்பியாவில் மொத்த விடுப்பு எத்தனை நாள் என்று வீட்டுக்குக் கடிதம் அனுப்பிப் பார்த்தார்கள். நீண்ட நாள் வராமலிருப்பவர்கள் எண்ணிக்கையில் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. 2018இல் வெளியான ஆய்வு அது. குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். "இவன் இல்லாமல் வகுப்பு குறையாக இருக்கிறது" என்று தொடங்குங்கள். அப்புறம் நாட்களைக் காட்டுங்கள். வேலைக்குப் போய்விட்டானா, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறானா, யாராவது அடித்தார்களா என்பது அதன்பிறகு தானாக வெளிவரும்.

வந்துவிட்டான் என்றால், முதல் நாள் காலையில் வாசலிலேயே அவனைப் பாருங்கள். எல்லார் முன்னாலும் "எங்கேடா போயிருந்தாய்" என்று எந்த ஆசிரியரும் கேட்காதபடி முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பக்கத்தில் உட்கார ஒரு நண்பனையும், விட்டுப்போன பாடங்களின் குறிப்பையும் தயாராக வைத்திருங்கள். அந்த வாரம் நடக்கும் தேர்வு எதற்கும் அவனுக்கு மதிப்பெண் போட வேண்டாம்.