வேரிகேட்டட் ஸ்ட்ரிங் ஆஃப் ஹார்ட்ஸ் (இதய வடிவ இலைகளின் ஓரம் வெளிறி இளஞ்சிவப்பாக இருக்கும் தொங்குகொடி) செடியில் இளஞ்சிவப்பு மங்கி, இலைகள் தள்ளித் தள்ளி வருவது ஏன்?

வெளிச்சக் குறைவுதான் முதல் காரணம். இலையின் வெளிறிய ஓரத்தில் பச்சையம் கிடையாது; நடுவிலுள்ள பச்சைதான் முழுச் செடிக்கும் உணவு தயாரிக்கிறது. அதனால் சாதாரணப் பச்சை வகையைவிட இதற்கு வெளிச்சம் கூடுதலாகவே வேண்டும். ஜன்னலை ஒட்டித் தொங்கவிடுங்கள். இளங்காலை வெயில் பட்டால் நிறம் நன்றாக ஏறும். உச்சி வெயில் மட்டும் வேண்டாம், வெளிறிய பகுதி கருகிவிடும்.

முழுப் பச்சையாக ஒரு கொடி கிளம்பினால், நிறம் உள்ள கடைசிக் கணு வரை வெட்டிவிடுங்கள். விட்டால் அதுவே வேகமாக வளர்ந்து மற்றவற்றை அமுக்கிவிடும்.

தண்ணீருக்கு நாள் கணக்கு வைக்காதீர்கள். இலையை விரல்களுக்கிடையில் லேசாக அழுத்திப் பாருங்கள்: விறைப்பாக இருந்தால் வேண்டாம், தளர்ந்து மடங்கினால் ஊற்றலாம். தென்னாப்பிரிக்கப் பக்கத்துச் செடி இது. மண்ணுக்கடியில் கிழங்கில் நீரைச் சேர்த்து வைத்திருக்கும். ஈரம் தங்கினால் அந்தக் கிழங்கு அழுகிவிடும். மண்ணில் பாதிக்குப் பாதி பெர்லைட்டோ (நீர் வடிய மண்ணில் கலக்கும் எடை குறைந்த வெள்ளைத் துகள்) பருமணலோ கலந்துவிடுங்கள்.

அப்புறம், கொடியின் கணுக்களில் பட்டாணி அளவில் உருண்டை வந்தால் நோய் என்று கிள்ளிவிடாதீர்கள். அதுவும் கிழங்குதான். கொடியைச் சுருட்டித் தொட்டி மண்மேல் படியவைத்தால் அங்கேயே வேர்விட்டு, மேல்பகுதி அடர்ந்து வரும்.