டே கேம்ப்: பெர்மிட் இருந்தால் போதுமா?

கேள்வி: நியூயார்க் மாநிலத்தில் இருக்கிறோம். 7 வயது மகளை ஜூலையில் ஒரு டே கேம்ப்பில் (பகலில் மட்டும் நடக்கும் கோடை முகாம்) சேர்க்கப் போகிறேன். வாரத்தில் இரண்டு நாள் வெளியே ஒரு நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போவார்களாம். அவளுக்கு வேர்க்கடலை அலர்ஜி வேறு இருக்கிறது. அரசு அனுமதி பெற்ற கேம்ப் என்கிறார்கள். அதை நம்பி விடலாமா?

பதில்: அந்த அனுமதி உண்மையிலேயே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கோடை கேம்ப் நடத்த சுகாதாரத் துறையின் பெர்மிட் வேண்டும். அதை எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டியிருக்கவும் வேண்டும். பெயரில் கேம்ப் என்று இருப்பதெல்லாம் இந்த விதிக்குள் வந்துவிடாது. கால்பந்து மட்டும், கம்ப்யூட்டர் மட்டும் என்று நடக்கும் பயிற்சிகள் பெர்மிட் இல்லாமலே நடக்கலாம். சிலர் கேம்ப்களுக்கான அமைப்பான அமெரிக்கன் கேம்ப் அசோசியேஷனின் அங்கீகாரத்தைக் காட்டுவார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் அது விரும்பினால் வாங்கிக்கொள்வது. பெர்மிட்டுக்கு ஈடாகாது.

பெர்மிட்டைவிட ஆய்வு அறிக்கைக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். ஆண்டுக்கு இரண்டு முறை சுகாதாரத் துறையின் ஆய்வு நடக்க வேண்டும். அதில் ஒன்றாவது கேம்ப் நடந்துகொண்டிருக்கும்போதே நடக்க வேண்டும். அறிக்கை எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதைக் கேம்ப்காரர்கள் உங்களுக்குச் சொல்ல வேண்டும். போன வருட அறிக்கையைப் படித்துப் பாருங்கள். அதே குறை திரும்பத் திரும்ப வந்திருந்தால் யோசியுங்கள்.

அடுத்தது தண்ணீர். சாதாரண நேரத்தில் 12 பிள்ளைகளுக்கு ஒரு கவுன்சிலர், அதாவது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கேம்ப் பணியாளர், போதும். குளத்தில் இறங்கும்போது உங்கள் மகள் வயதுக்கு 8 பேருக்கு ஒருவர் வேண்டும். இது போக, 25 பேருக்கு ஒரு லைஃப்கார்டு (நீரில் தத்தளிப்பவரைக் காப்பாற்றுபவர்). வெளியே அழைத்துப் போனாலும் பொறுப்பு கேம்ப்பைவிட்டுப் போகாது. குளத்தில் லைஃப்கார்டு இருப்பார் என்று சொன்னால் அதோடு விடாதீர்கள். நம் பிள்ளைகள்மேல் மட்டும் கண் வைத்திருப்பவர் யார், முதல் நாளே நீச்சல் திறனைச் சோதிப்பீர்களா, தெரியாதவர்களை ஆழம் குறைந்த பகுதியிலேயே நிறுத்துவீர்களா, ஜோடி சேர்த்து அடிக்கடி எண்ணிப் பார்ப்பீர்களா என்று கேளுங்கள். டே கேம்ப் கவுன்சிலருக்கு 16 வயது ஆகியிருந்தாலே போதும் என்பதையும் மனதில் வையுங்கள். அந்த வயதில் பொறுப்பான பிள்ளைகள் எத்தனையோ பேர் உண்டு. இருந்தாலும், பக்கத்தில் பெரியவர் யார் நிற்பார் என்று கேட்பதில் தப்பில்லை.

அலர்ஜிக்கு வருவோம். ஒவ்வொரு கேம்ப்பிலும் ஒரு சுகாதாரப் பொறுப்பாளர் இருக்க வேண்டும். எழுத்தில் ஒரு பாதுகாப்புத் திட்டமும் இருக்க வேண்டும். எபிபென்னை (கடும் அலர்ஜிக்கு உடனே போடும் ஊசி) மருந்துக் கடை லேபிளோடும் டாக்டரின் எழுத்துபூர்வ உத்தரவோடும் கொடுங்கள். குளத்துக்குப் போகும் நாளில் அது அலுவலக அலமாரியிலேயே தங்கிவிடக் கூடாது; பஸ்ஸில் அதை யார் கையில் வைத்திருப்பார், போடத் தெரிந்தவர் யார் என்று பெயரோடு கேட்டு வாங்குங்கள். அப்புறம், சன்ஸ்கிரீனையும் அவளே வைத்துப் பூசிக்கொள்ள நீங்கள் எழுத்தில் சம்மதம் தர வேண்டியிருக்கும். சேர்க்கும்போதே கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.