பாலர் பாடசாலை ஆசிரியைக்குக் கழிவு இல்லையா?

கேள்வி: ஆசிரியர் தினத்தை முன்னிட்டு, 'ஆசிரியர்களுக்கு 15% விலைக்கழிவு' என்று ஒரு புத்தகக் கடையில் பதாகை கட்டியிருந்தார்கள். நான் பல வருடங்களாகப் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறேன். காசு கட்டும் இடத்தில் ஆசிரியர் சேவை நியமனக் கடிதம் கேட்டார்கள். இல்லை என்றதும் கழிவு தர மறுத்துவிட்டார்கள். எனக்கு முன்னால் நின்ற கல்வி அலுவலகக் கிளார்க்குக்குக் கொடுத்தார்கள். அப்படியென்றால் நான் ஆசிரியை இல்லையா? டியூஷன் நடத்தும் என் தம்பி, என் பாலர் பாடசாலை தரும் கடிதத்தைக் காட்டி இந்தக் கழிவில் வாங்கலாமா?
– வாசகி ஒருவர், களுவாஞ்சிகுடி

பதில்: நீங்கள் ஆசிரியைதான், சகோதரி. அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

உலக ஆசிரியர் தினம் ஒக்டோபர் 5. இலங்கையில் நாம் 6ஆம் திகதி கொண்டாடுகிறோம். 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 5ஆம் திகதி, ஆசிரியரின் தகுநிலை பற்றிய பரிந்துரை ஒன்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. யுனெஸ்கோவும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து தயாரித்த அந்த ஆவணத்தின் நினைவாகத்தான் உலக தினமே வந்தது. அது யார் யாருக்குப் பொருந்தும் என்று சொல்லும் இடத்தில் அரச பாடசாலை, தனியார் பாடசாலை என்ற பேதம் இல்லை. பாலர் வகுப்பிலிருந்து இடைநிலை முடியும் வரை படிப்பிக்கிற எல்லோரும் அதற்குள் வருகிறார்கள். ஆசிரியர் தினத்தின் பேரில் பதாகை கட்டிவிட்டு உங்களைத் திருப்பி அனுப்பியது பிழை.

ஆசிரியருக்கு எதற்காகக் கழிவு கொடுக்கிறோம்? வகுப்புக்குத் தேவையானதை அவர்கள் தங்கள் கைக்காசில் வாங்குவதால்தான். அன்றைக்கு உங்கள் கையில் என்ன இருந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. கிறேயோன் பெட்டிகள், பிறிஸ்டல் போட், டிமை பேப்பர், பெரிய கம் போத்தல். ஒன்றுகூட உங்கள் வீட்டுக்கு இல்லை. சிறிய கொடுப்பனவையும் பெற்றோர் தரும் கட்டணத்தையும் நம்பி வாழ்கிற ஒருவர் அவ்வளவையும் வாங்குகிறார். அந்தக் கடையில் கழிவு யாருக்காவது சேரவேண்டும் என்றால் முதலில் உங்களுக்குத்தான். அலுவலகக் கோப்பு பார்க்கிற கிளார்க்கின் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் அவர் வகுப்பறைக்குள் போவதில்லை.

அமெரிக்காவில் வருமான வரியில், வகுப்புக்காகச் சொந்தக் காசைச் செலவழிக்கும் கல்வியாளருக்கு ஒரு கழிவு உண்டு. அதற்கு நிபந்தனை, அந்தக் கல்வியாண்டில் 900 மணித்தியாலமாவது பாடசாலையில் வேலை செய்திருக்க வேண்டும் என்பது. அதிபரும் அதில் அடங்குவார், வகுப்பறை உதவியாளரும் அடங்குவார். முதலாம் வகுப்புக்கு முந்திய கிண்டர்கார்டன் வகுப்புக்கும் கீழே உள்ள சிறு பிள்ளைகளைப் பார்க்கும் உங்களைப் போன்றவர்களை அது விட்டுவிட்டது, அது அந்தச் சட்டத்தின் குறை. ஆனாலும் செய்யும் வேலையைக் கொண்டு அளக்கிறார்கள், அந்த அளவையும் எழுதி வைத்திருக்கிறார்கள். நம்மூரில் காசு கட்டும் இடத்தில் இருப்பவர் அந்த நேரத்தில் நினைப்பதுதான் விதி.

கிழக்கு மாகாணத்தில் இருந்துகொண்டு நியமனக் கடிதத்தை மட்டும் பார்ப்பது எனக்கு மிகவும் வலிக்கிறது. யுத்த காலத்தில் மட்டக்களப்பின் படுவான்கரையிலும் வாகரையிலும் ஆசிரியர் இல்லாத பாடசாலைகளைத் திறந்து வைத்திருந்தவர்களில் நியமனம் இல்லாமல் படிப்பித்த தொண்டர் ஆசிரியர்கள் எத்தனை பேர்! நிரந்தர நியமனம் கேட்டு அவர்கள் வருடக்கணக்காக வீதியில் நின்றார்கள். இன்றைக்கும் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பெயரில் பாடசாலைகளில் இணைக்கப்பட்ட பட்டதாரிகள் தினமும் பாடம் எடுக்கிறார்கள். அவர்களுடைய அட்டையில் ஆசிரியர் என்று இல்லை. அவர்களிடம் படித்த பிள்ளைகள் ஓ.எல். (சாதாரண தரப்) பரீட்சை எழுதுகிறார்கள். இவர்களில் யாரும் ஆசிரியர் இல்லை என்று சொல்ல எந்தக் கடைக்கும் அருகதையில்லை.

கடை முதலாளிமாருக்கு: கழிவு உங்கள் காசு, யாருக்குக் கொடுப்பது என்பது உங்கள் விருப்பம். அரச பாடசாலை ஆசிரியருக்கு மட்டும் என்றால் பதாகையில் அப்படியே எழுதுங்கள். 'ஆசிரியர்களுக்கு' என்று எழுதினால் பாலர் பாடசாலை, அறநெறிப் பாடசாலை, மத்ரசா எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளுங்கள். பொறுப்பாளர் கையெழுத்திட்டு முத்திரை குத்திய கடிதம் ஒன்று போதும்.

உங்கள் தம்பியின் விடயம் வேறு. அவர் நன்றாகவே படிப்பிக்கலாம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் டியூட், அதாவது பாடக்குறிப்பு, அடிக்கும் செலவும் சேர்த்துத்தான் அவர் மாதக் கட்டணம் வாங்குகிறார். டியூஷன் ஆசிரியருக்கும் உண்டு என்று கடை சொன்னால் தாராளமாக வாங்கட்டும். சொல்லாவிட்டால் அவர் முழு விலை கொடுப்பதுதான் நியாயம். மொத்தமாக வாங்குபவருக்கு என்ன விலை என்று கேட்டுப் பார்க்கலாம்.

உங்கள் கடிதத்தை மட்டும் அவரிடம் கொடுக்காதீர்கள். அப்படி ஒரு கடிதம் வேறு கையில் பிடிபட்டால், அதற்குப் பிறகு வரும் பாலர் பாடசாலை ஆசிரியை எவருடைய கடிதத்தையும் அந்தக் கடை நம்பாது. நீங்களே கடிதத்தோடு மறுபடியும் போய், வாசலில் நிற்பவரிடம் அல்ல, முதலாளியிடமே கேளுங்கள்.