புயல் நேரத்தில் டிவி, ஃபிரிட்ஜ், கம்ப்யூட்டர் எரியாமல் இருக்க ஸ்பைக் கார்டு போதுமா?

போதாது. ஸ்பைக் கார்டுக்குள் இருக்கும் எம்ஓவி என்ற சிறு பாகம், கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக வந்துபோகும் வோல்டேஜ் எழுச்சியைத்தான் தாங்கும். புயலில் அதைவிடப் பெரிய ஆபத்து நியூட்ரல் அறுவது.

தெருவில் ஓடுவது மின்சாரம் கொண்டுவரும் மூன்று பேஸ் கம்பி, அது திரும்பிப் போகும் ஒரு நியூட்ரல் கம்பி. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரண்டு பேஸ்களுக்கு இடையே சுமார் 400. மரம் விழுந்து நியூட்ரல் மட்டும் அறுந்தால், வேறு வேறு பேஸில் உள்ள வீடுகள் அந்த 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்குபோட்டுக்கொள்ளும். லோடு குறைந்த பக்கம் 300, 350 என்று ஏறி அப்படியே நிற்கும். எம்ஓவி சூடேறிப் பொசுங்கிவிடும். டிரிப் ஆகும் சுவிட்சுகளில் எம்சிபி பார்ப்பது கரன்ட்டின் அளவை, ஆர்சிசிபி பார்ப்பது மின்கசிவை. இரண்டுமே வோல்டேஜைப் பார்ப்பதில்லை. பொருள் எரிந்து ஷார்ட் ஆன பிறகுதான் எம்சிபி விழும். ஒரு அறையில் பல்பு பளீரென்று எரிந்து இன்னொன்றில் மங்கினால், யோசிக்காமல் மெயினை அணைத்துவிட்டு மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு (94987 94987) சொல்லுங்கள்.

இதற்கென்றே இருப்பது ஓவர்-அண்டர் வோல்டேஜ் புரொடெக்டர். எம்சிபிகள் இருக்கும் பெட்டியான டிபியில் பொருத்த வேண்டும். சுமார் 270 வோல்ட்டுக்கு மேலோ 180க்குக் கீழோ போனால் துண்டிக்கும்படி வைக்கலாம். மூன்று பேஸ் வீட்டுக்கு, ஒவ்வொரு பேஸையும் நியூட்ரலோடு அளக்கும் வகையாகக் கேட்டு வாங்குங்கள். சில மாடல்கள் கட்டளை மட்டும் தரும் வெறும் ரிலேதான். லோடைத் துண்டிக்கத் தனியாகக் காண்டாக்டர் என்ற பெரிய மின்காந்த சுவிட்ச் வேண்டும். கடைக்காரர் இதை அநேகமாகச் சொல்லமாட்டார். மின்னலுக்கு டைப் 2 எஸ்பிடி, அதாவது எழுச்சியை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி. எர்த் சரியில்லாத வீட்டில் அது பெயருக்குத்தான் இருக்கும். அதன் இணைப்பு வயர்களும் அரை மீட்டருக்குள் அடங்க வேண்டும்.

இதெல்லாம் முன்கூட்டியே செய்வது. நாளைக்கே புயல் என்றால் பிளக்கைப் பிடுங்குங்கள், அதற்கு ஈடு எதுவுமில்லை. சுவிட்ச் துண்டிப்பது பேஸை மட்டும். அதன் சில மில்லிமீட்டர் இடைவெளி மின்னல் எழுச்சிக்கு ஒன்றுமே இல்லை. டிடிஎச் கேபிளையும் செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றுங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

இன்வெர்ட்டரை முழுதாகச் சார்ஜ் ஏற்றி, யுபிஎஸ் மோடில் வையுங்கள். அப்போது பெரும்பாலும் 180–260 வோல்ட்டுக்குள்தான் ஈபியை ஏற்கும். கரன்ட் போனதும் அதன் பிளக்கையும் எடுத்துவிடுங்கள். 12 வோல்ட், 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரியில் சுமார் 1,000 வாட்-ஹவர் எடுக்கலாம். குறைந்த கரன்ட்டில் ஓடும் இரண்டு பிஎல்டிசி ஃபேன், ரௌட்டர், இரண்டு எல்இடி விளக்கு என்று 100 வாட்டுக்குள் அடக்கினால் பத்து மணி நேரம் ஓடும். தரைத்தளத்தில் வெள்ளம் வருமென்றால் பேட்டரியை முன்னதாகவே மேலே ஏற்றுங்கள்.

கரன்ட் திரும்பியதும் மல்டிமீட்டரில் அளங்கள். டெஸ்டர் விளக்கு 150லும் எரியும், 350லும் எரியும். 210–250க்குள் கால் மணி நேரம் நிலையாக நின்றால் முதலில் விளக்கு, ஃபேன். கடைசியாக ஃபிரிட்ஜும் ஏசியும். கம்ப்ரஸரை நிறுத்தினால் மறுபடி போட ஐந்து நிமிடமாவது இடைவெளி வேண்டும். தண்ணீர் ஏறிய பாயின்ட் எதையும் எலக்ட்ரீஷியன் மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்காமல் போடாதீர்கள்.

ஜெனரேட்டர் எடுத்தால், ஈபி அல்லது ஜெனரேட்டர் ஒன்றை மட்டுமே வீட்டோடு இணைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கட்டாயம். இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயரால் பிளக் பாயின்ட்டில் கொடுத்தால், அது டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் திரும்பி 11,000 வோல்ட்டாகிக் கம்பத்தில் நிற்கும் லைன்மேனைக் கொல்லும். மோட்டார் ஓடும்போது அதே ஜெனரேட்டரில் டிவி போடாதீர்கள். மோட்டார் நின்ற கணம் வோல்டேஜ் துள்ளும்.