டாக்டர் பதில்கள்: ஆன்டிபாடி ரிப்போர்ட் நெகட்டிவ்னா என்ன அர்த்தம்?

கேள்வி: டாக்டர், வணக்கம். என் மனைவிக்கு வயசு 38. ரெண்டு மாசம் முன்னாடி விடாம விக்கல், வாந்தி, கேஸ்னு சொல்லி மாத்திரை குடுத்தாங்க. அது தானா நின்னு, அப்புறம் ஒரு கண்ணு மங்கிப்போச்சு, இப்ப ரெண்டு காலும் மரத்துப்போய் எம்.ஆர்.ஐ. எடுத்தா தண்டுவடத்துல நாலு எலும்பு நீளத்துக்கு வீக்கம். ஸ்டீராய்டு ஏத்தி முடிச்ச பிறகு ரத்தம் எடுத்தாங்க, ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) நெகட்டிவ்னு வந்திருக்கு. அப்ப இது எம்.எஸ். (மூளை, தண்டுவட நரம்பு உறை கெட்டுப்போற மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) நோய்தானா, அதுக்கான ஊசியை ஆரம்பிச்சிடலாமா?
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: அவசரப்படாதீங்க சார். நீங்க சொன்னதுல என் கண்ணுல முதல்ல பட்டது அந்த விக்கல்தான். வயித்துல கோளாறு எதுவும் இல்லாம நாள்கணக்கா விக்கலும் வாந்தியும் வந்தா மூளைத்தண்டுல வாந்தியை கட்டுப்படுத்துற இடம் பாதிச்சிருக்கலாம், கூடவே கண் நரம்பு, மூணு எலும்புக்கு மேல நீளமா தண்டுவட வீக்கம்னு சேர்ந்தா என்.எம்.ஓ.ங்கிற (நியூரோமயலைட்டிஸ் ஆப்டிகா, கண் நரம்பையும் தண்டுவடத்தையும் உடம்போட எதிர்ப்பு சக்தியே தாக்குற) நோயைத்தான் முதல்ல சந்தேகப்படணும். எம்.எஸ்., என்.எம்.ஓ. ரெண்டுலயும் நரம்பைச் சுத்தியிருக்கிற மயலின் உறை கெட்டுப்போறதால ரொம்ப காலம் இதை எம்.எஸ்.ல ஒரு வகைன்னே நினைச்சிட்டு இருந்தாங்க, 2004ல இவங்க ரத்தத்துல மட்டும் ஒரு ஆன்டிபாடி இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க, அடுத்த வருஷம் அது அக்வாபோரின்-4ங்கிற புரதத்தை தாக்குதுன்னு தெரிஞ்சது, அதோட கதையே மாறிப்போச்சு. உங்க மனைவிக்கு பார்த்ததும் இந்த ஆன்டிபாடியாத்தான் இருக்கணும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, எம்.எஸ்.க்கு குடுக்கிற இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமோட் மாதிரி மருந்துங்க என்.எம்.ஓ.காரங்களுக்கு நோயை இன்னும் மோசமாக்கிடலாம். ஒரே ஒரு அட்டாக்லயே கண்ணு போயிடுற நோய் இது. அதனால நியூராலஜி டாக்டர் முடிவு பண்ணாம அந்த ஊசி பக்கம் போகாதீங்க.

இப்ப ரிப்போர்ட்டை எடுத்து மெத்தட்னு போட்டிருக்கிற இடத்துல என்ன இருக்குன்னு பாருங்க. எலைசான்னு (பழைய வகை டெஸ்ட்) இருந்தா அந்த நெகட்டிவை நான் நம்ப மாட்டேன், செல் பேஸ்டு அஸேங்கிற (அந்தப் புரதம் இருக்கிற செல்லுங்க மேல ரத்தத்தை விட்டுப் பார்க்கிற) முறைதான் நம்பகமானது, அதுல பாசிட்டிவ் வந்தா பொய்யா இருக்கிறது ரொம்ப அபூர்வம். ஆனா அந்த முறைலயும் என்.எம்.ஓ. இருக்கிறவங்கள்ல அஞ்சுல ஒருத்தருக்கு கிட்ட நெகட்டிவ் வரும். ஸ்டீராய்டு, அதைவிட முக்கியமா பிளாஸ்மா எக்ஸ்சேஞ்ச் (ரத்தத்துல இருக்கிற பிளாஸ்மா நீரை எடுத்துட்டு மாத்துற சிகிச்சை) பண்ணின பிறகு எடுத்தா ஆன்டிபாடி அளவு இறங்கியிருக்கும், உங்க மனைவிக்கு நடந்தது அதுவாவும் இருக்கலாம். ரத்தத்துலதான் பார்க்கணும், முதுகுத்தண்டு நீர்ல இது தப்பிப்போயிடும். சில மாசம் கழிச்சோ, அடுத்த அட்டாக் வந்தா சிகிச்சைக்கு முன்னாடியோ திரும்ப எடுக்கச் சொல்லுங்க, மோக் ஆன்டிபாடியும் (மயலின் உறையில இருக்கிற மோக்ங்கிற புரதத்தை தாக்குறது, இதே மாதிரி அறிகுறி தரும்) சேர்த்து.

எம்.எஸ்.க்குன்னு தனியா ரத்த ஆன்டிபாடி டெஸ்ட் கிடையாது, முதுகு நீர்ல ஆலிகோகுளோனல் பேண்டுன்னு (முதுகு நீர்ல மட்டும் தெரியுற ஆன்டிபாடி கோடுகள்) பார்ப்பாங்க, எம்.எஸ். இருக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அது இருக்கும், என்.எம்.ஓ.ல ரொம்ப பேருக்கு இருக்காது. பி12 குறைபாடு, டிபி இதெல்லாமும் ஒதுக்கணும். ஒண்ணு மட்டும், ரிசல்ட் வரட்டும்னு அட்டாக்குக்கான சிகிச்சையை யாரும் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: என் பொண்ணுக்கு 24 வயசு, தலைவலிக்காக போனோம். எம்.ஆர்.ஐ. நார்மல், கண்ணும் நல்லா இருக்கு, ஆனா மோக் ஆன்டிபாடி 1:20 பாசிட்டிவ்னு வந்து வீட்டுல யாருக்கும் தூக்கம் இல்ல.
- வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: அம்மா, தைரியமா இருங்க. 1:20ங்கிறது குறைஞ்ச அளவு, மோக்ல இந்த மாதிரி குறைஞ்ச பாசிட்டிவ் நோய் இல்லாதவங்களுக்கும் வேற நோய் இருக்கிறவங்களுக்கும் வரும். 2023ல வந்த சர்வதேச விதிமுறைப்படி கண் நரம்பு வீக்கம், தண்டுவட வீக்கம் மாதிரி ஒரு அட்டாக் நடந்திருந்தாதான் இந்த டெஸ்டுக்கே அர்த்தம், அளவு குறைச்சலா இருந்தா அக்வாபோரின்-4 நெகட்டிவா இருக்கணும், கூடவே இந்த நோயைக் காட்டுற அறிகுறியோ எம்.ஆர்.ஐ. ஆதாரமோ வேணும். வெறும் தலைவலிக்கு இதை எழுதினதே தேவையில்லாததுன்னுதான் நான் சொல்வேன். கோரிமேடு ஜிப்மர்ல நியூராலஜி ஓ.பி.க்கு ரிப்போர்ட்டையும் எம்.ஆர்.ஐ. சிடியையும் எடுத்துட்டுப் போய் காட்டுங்க, அவங்க பார்க்கிற வரைக்கும் இந்த நம்பரை வெச்சு யார் ஸ்டீராய்டு குடுத்தாலும் வாங்கிப் போடாதீங்க. திடீர்னு ஒரு கண்ணுல பார்வை மங்கினாலோ, கண்ணை அசைக்கும்போது வலிச்சாலோ, கால் மரத்தாலோ, சிறுநீர் போக முடியலைன்னாலோ அன்னிக்கே எமர்ஜென்சிக்கு கூட்டிட்டுப் போயிடுங்க.