வெத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போடாதீங்க

ஆத்தூர் சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரியில உங்க அண்ணனோட ஆள்காட்டி விரல் பெல்ட்டுல சிக்கிப் போயிடுச்சு, ‘கான்ட்ராக்ட் ஆள்தானே’ன்னு முதலாளி 5,000 ரூபாயோட கைகழுவுறார்னு எழுதியிருக்கீங்க. கான்ட்ராக்டர் கூட்டிவந்த ஆளா இருந்தாலும் முதலாளிக்குப் பொறுப்பு உண்டுங்க.

முதல்ல சம்பளத்துல இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிச்சாங்களான்னு பாருங்க. பிடிச்சிருந்தா அங்கேதான் கேட்கணும். வேலைக்குப் போக முடியாத நாளுக்குக் கூலியில சுமார் 90 சதவீதம் வரும். இல்லேன்னா தொழிலாளர் துறையில இருக்கற இழப்பீட்டு ஆணையர்கிட்ட மனு, 2 வருஷத்துக்குள்ள.

முழு விரலும் போயிருந்தா இழப்பீட்டுச் சட்டத்தோட அட்டவணைப்படி சம்பாதிக்கிற திறன்ல 14 சதவீத இழப்பு, நுனிக்கணு மட்டும்னா 9. அதனால டிஸ்சார்ஜ் சீட்டுல எந்தக் கணு வரைக்கும்னு எழுதி வாங்குங்க. என் மச்சானுக்கு ‘விரல் காயம்’னு மொட்டையா எழுதிட்டாங்க, ஆறு மாசம் அலைஞ்சோம்.

‘இனி எதுவும் கேட்கமாட்டேன்’னு எழுதி வாங்கினாலும் சட்டப்படி செல்லாது. ஆனா வெத்துப் பேப்பர் வேற கதை, அதுல என்ன வேணாலும் நிரப்பிக்குவாங்க.